காய்ச்சலின் முதல் நாள் எது?

குழந்தைக்குக் காய்ச்சல் என்று கிளினிக் போனால் டாக்டர் முதலில் கேட்பது, "எத்தனை நாளா?" நாம் சொல்வது பெரும்பாலும், "ரெண்டு மூணு நாளா இருக்கு டாக்டர்." அது ரெண்டா மூணா என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றால் அதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கவாசாகி நோய் என்று ஒன்று இருக்கிறது. அதில் இந்த நாள் கணக்கைத் தவறவிட்டால் குழந்தையின் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயே வீங்கிப் போகலாம்.

என் தங்கை மகனுக்கு அது வந்தபோது அவனுக்கு இரண்டு வயது நிறையவில்லை. முதலில் பார்த்த டாக்டர் தொண்டையைப் பார்த்தார், சிவந்திருந்தது, ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார். காய்ச்சல் விடவில்லை. அது டெங்கு சீசன் என்பதால் அடுத்த இடத்தில் டெங்கு டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்ததால் சிறுநீர்த் தொற்றாக இருக்கும் என்று வேறொரு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அப்புறம் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொல்ல, என் அம்மா பார்த்துவிட்டு, "இது அம்மை, ஆஸ்பத்திரிக்குத் தூக்காதீங்க" என்று வேப்பிலையைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டார்.

தங்கை எனக்குப் போன் செய்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, இவன் இப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. தூக்கினாலும் அழறான், கீழ விட்டாலும் அழறான்." இந்த நோயில் குழந்தைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று பின்னாளில் படித்தேன். சாதாரணக் காய்ச்சலில் குழந்தை சோர்ந்து கிடக்கும். கவாசாகியில் சமாதானமே ஆகாமல் எரிச்சலோடு அழுதுகொண்டே இருக்கும். நோயைத் தீர்மானிக்கும் அடையாளங்களில் இதைச் சேர்க்கவில்லை. ஆனால் இந்த நோயைப் பார்த்துப் பழகிய டாக்டர்கள் அந்த அழுகையைக் கவனிக்கிறார்கள்.

கடைசியில் அரசு மருத்துவமனை குழந்தைகள் பிரிவில் ஒரு வயதான டாக்டரம்மா பார்த்தார். அவர் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. "முதல்ல உடம்பு சுட்டது எந்தக் கிழமை? அன்னைக்கு என்ன நடந்துச்சு, யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். தங்கை யோசித்து, பக்கத்து வீட்டு வளைகாப்பு அன்றைக்கு என்றாள். அவரே விரல்விட்டு எண்ணினார். பிறகு குழந்தையின் இடது தோளைத் திருப்பிப் பார்த்தார். பிறந்தபோது போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு புதிதாகப் போட்டதுபோல் சிவந்து தடித்திருந்தது. "இன்னைக்கே எக்கோ எடுக்கணும்" என்றார். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் சோதனை அது.

அந்தத் தழும்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் நாட்டில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் பிறந்தவுடன் பிசிஜி போடுகிறோம். ஜப்பானிலும் போடுகிறார்கள். கவாசாகி வந்த கைக்குழந்தைகள் பலருக்கு அந்த இடம் மீண்டும் சிவக்கிறது. வேறு நோய்களில் இதை அவ்வளவாகப் பார்க்க முடியாது. பிசிஜி போடாத அமெரிக்காவின் டாக்டர்களுக்கு இந்தத் தடயம் கிடையாது. நமக்கு இருக்கிறது, இலவசமாக, எல்லாக் குழந்தையின் தோளிலும். ஆனால் காய்ச்சல் என்று தூக்கிப் போகும் குழந்தையின் சட்டையைக் கழற்றித் தோளைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

நோயின் மற்ற அடையாளங்களும் கண்ணுக்குத் தெரிபவைதான். ஐந்து நாள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் காய்ச்சல். இரண்டு கண்ணும் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. உதடு சிவந்து வெடிக்கும், நாக்கு ஸ்ட்ராபெர்ரிப் பழம்போலச் சொரசொரப்பாகச் சிவக்கும். உடம்பில் தடிப்பு. கையும் காலும் வீங்கிச் சிவக்கும். கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டும். காய்ச்சலோடு இந்த ஐந்தில் நான்கு இருந்தால் கவாசாகி என்று முடிவு செய்கிறார்கள். விரல் நுனியில் நகத்தை ஒட்டித் தோல் உரிவது இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் நடக்கும். அதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் காலம் கடந்த கண்டுபிடிப்பு.

சிக்கல் என்னவென்றால் இவை எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. திங்கட்கிழமை கண் சிவந்திருக்கும், புதன்கிழமை வெளுத்துவிடும். அப்போதுதான் தடிப்பு தொடங்கும். திங்கட்கிழமை பார்த்த டாக்டர் கண்ணைப் பார்த்தார், புதன்கிழமை பார்த்தவர் தோலைப் பார்த்தார். இரண்டையும் பார்த்தவர் அம்மா ஒருத்தி மட்டும்தான். நம்முடைய பழக்கம் வேறு இருக்கிறதே! இரண்டு நாளில் காய்ச்சல் விடவில்லையென்றால் டாக்டரை மாற்றுவோம். புது டாக்டரிடம் காய்ச்சல் புதிதாகத் தொடங்கிவிடும். பழைய சீட்டைக் காட்டினால் கோபித்துக்கொள்வாரோ என்று பையிலேயே வைத்துக்கொள்வோம். இப்படிக் கணக்கு ஒவ்வொரு வாசலிலும் அழிந்து அழிந்து எழுதப்படுகிறது. எந்த ஒரு டாக்டரையும் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்ததற்கு வைத்தியம் பார்த்தார்கள்.

இந்த நோயை உலகுக்குச் சொன்னவரும் இதே குழப்பத்தில் இருந்தவர்தான். 1961 ஜனவரியில் டோக்கியோவின் செஞ்சிலுவை மத்திய மருத்துவமனையில் நான்கு வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். டோமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் பார்த்தார். அவர் படித்த எந்த நோயிலும் அது அடங்கவில்லை. பையன் தானாகவே தேறி வீட்டுக்குப் போனான். நோயின் பெயர் தெரியவில்லை என்றே கேஸ் தாளில் எழுதினார். வாய்க்கு வந்த ஒரு பெயரை எழுதி மூடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு அதே மாதிரி இன்னொரு குழந்தை வந்தபோது அவருக்கு முதல் பையன் நினைவுக்கு வந்தான். அதன்பிறகு தேடித் தேடிச் சேர்த்தார். 1967-ல் 50 குழந்தைகளைப் பற்றி 44 பக்கத்தில், படங்களோடு, ஜப்பானிய மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அந்தக் கட்டத்தில் அவரேகூட இது பின்விளைவு இல்லாமல் தானாகச் சரியாகும் நோய் என்றுதான் நம்பினார். இதயத்தைத் தொடும் என்று சொன்னவர்கள் வேறு ஆட்கள். 1965-ல் தேறிவருவதாக நினைத்த குழந்தை ஒன்று திடீரென்று இறந்தது. நொபோரு தனாகா என்ற நோய்க்கூறு மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து, இதயத் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்திருந்ததைக் கண்டார். டோக்கியோவின் புனித லூக்கா மருத்துவமனையில் தகாஜிரோ யமமோட்டோ என்ற டாக்டர், தன்னிடம் வந்த குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஈசிஜியில் மாறுதல் இருப்பதைப் பார்த்தார். இந்த நோய் இதயத்தைத் தொடுமா தொடாதா என்ற சண்டை ஓய 1970 வரை ஆயிற்று. அந்த ஆண்டு ஜப்பான் அரசு ஒரு குழு அமைத்து நாடு முழுவதும் கணக்கெடுத்தது. இந்த நோய் வந்த பிறகு திடீரென்று இறந்த குழந்தைகள் இருப்பது அப்போதுதான் ஊரறிந்தது. இதயத் தமனிகள் பலூன்போல் உப்பி, அதற்குள் ரத்தம் உறைந்திருந்தது.

என்னை இன்றைக்கும் வியக்க வைப்பது அந்தக் கணக்கெடுப்புதான். ஒருமுறை எடுத்ததோடு நிறுத்தவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 50 ஆண்டுகளுக்கும் மேலாக, நாடு முழுவதும் குழந்தைகள் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைகளுக்குப் படிவம் அனுப்பி ஒவ்வொரு குழந்தையாக எண்ணி வருகிறார்கள். அதனால்தான் 1979, 1982, 1986 ஆண்டுகளில் நோய் அலையாக எழுந்ததைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிந்தது. 1990-களுக்குப் பிறகு அலைகள் இல்லை, சீரான ஏற்றம்தான். ஜப்பானில் 1973-ல் 20 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தன. 2018-ல் 10 லட்சத்துக்கும் குறைவு. பிறப்பு பாதிக்கும் கீழே போனபிறகும் 2018-ல் கவாசாகி வந்த குழந்தைகள் 17,000-க்கும் மேல். 5 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு 359. இதை வெறுமனே "டாக்டர்கள் நன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள்" என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த நோயை இத்தனை காலம் அறிந்த நாடு அது.

அப்புறம் 2020 வந்தது. பள்ளி மூடியது, முகக்கவசம் போட்டார்கள், குழந்தைகள் வீட்டுக்குள் இருந்தார்கள். ஜப்பானின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்து 11,000 சொச்சத்துக்கு வந்தது. ஏதோ ஒரு கிருமி, அல்லது பல கிருமிகள், இந்த நோயைக் கிளப்பிவிடுகின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனையை யாரும் வேண்டுமென்று நடத்த முடியாது. அதே ஆண்டுதான் கொரோனா வந்து சில வாரம் கழித்துக் குழந்தைகளுக்குக் கவாசாகி போன்ற ஒரு நோய் வருவதாக இத்தாலியிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் செய்தி வந்தது. நம் பத்திரிகைகளில் கவாசாகி என்ற பெயரைப் பலர் முதன்முதலில் படித்தது அப்போதுதான். அது வேறு நோய் என்று பின்னர் பிரித்தார்கள். டோமிசாகு கவாசாகி அந்த 2020 ஜூன் மாதம் 95 வயதில் காலமானார். தன் பெயர் சூட்டிய நோய்க்குக் காரணம் என்ன என்ற விடை கிடைக்காமலேயே போனார்.

இன்றுவரை காரணம் பிடிபடவில்லை. ஆசியாவின் உட்பகுதியிலிருந்து ஜப்பான் பக்கம் வீசும் காற்றோடு ஏதோ வருகிறது என்று காற்றின் போக்கை வைத்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். மரபுவழிக்கும் பங்கு உண்டு. ஹவாயில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் இது அதிகமாகவே வருகிறது, நோய் வந்த குழந்தையின் உடன்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கூடுதல். ஆனால் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய் இல்லை. பெற்றோர் செய்த எதனாலும் வந்ததும் இல்லை. இதைத் தங்கையிடம் எத்தனையோ முறை சொல்ல வேண்டியிருந்தது.

காரணம் தெரியாத நோய்க்கு நல்ல மருந்து இருப்பது ஒரு விந்தை. 1984-ல் ஜப்பானின் ஃபுருஷோவும் குழுவினரும் மனித ரத்தத்திலிருந்து பிரித்த நோய் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியாகக் கொடுத்தால் தமனி வீக்கம் குறைகிறது என்று காட்டினார்கள். அமெரிக்காவில் ஜேன் நியூபர்கரின் குழு 1986-லும் 1991-லும் அதை உறுதிசெய்தது. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் வீதம், ஒரே தடவையாக, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். கூடவே ஆஸ்பிரின். மருந்து கொடுக்காவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி பாதிக்கப்படும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் கொடுத்துவிட்டால் அது நூற்றில் ஐந்துக்குக் கீழே வந்துவிடுகிறது. ஆரம்ப காலத்தில் ஜப்பானில் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகள் இறந்தன. இப்போது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வெற்றிகள் குறைவு.

ஆனால் அந்தப் பத்து நாள் எதிலிருந்து என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து இல்லை, உடம்பு முதலில் சுட்ட நாளிலிருந்து.

இந்தியக் கதைக்கு வருகிறேன். சண்டிகரில் உள்ள பிஜிஐஎம்இஆர் மருத்துவ நிறுவனத்தில் சுர்ஜித் சிங் பல ஆண்டுகள் தலைமை தாங்கிய குழு 1990-களிலிருந்து இந்த நோயைக் கணக்கு வைத்துக்கொண்டு வருகிறது. 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 1994-ல் 0.51 என்றிருந்த எண்ணிக்கை 2007-ல் 4.54 ஆனது. ஜப்பானோடு ஒப்பிட்டால் சின்ன எண். ஆனால் ஒரு நகரத்தில், தேடத் தெரிந்த ஒரு குழு இருந்தபோது பதின்மூன்று ஆண்டில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இதில் எவ்வளவு நோய் கூடியது, எவ்வளவு கண் திறந்தது என்று பிரிப்பது கடினம். என் கருத்தைக் கேட்டால், பெரும்பகுதி கண் திறந்ததுதான். அப்படியென்றால் நிலைமை இன்னும் மோசம். கண் திறக்காத ஊர்களில் அதே அளவு குழந்தைகள் கணக்கில் வராமலே போயிருக்கிறார்கள். ஜப்பான்போல் நாடு முழுவதையும் எண்ணும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் லட்சத்துக்கு ஐந்து என்பதும் பெரிய கூட்டம்.

நம் ஊரில் குழந்தைகளின் இதயத்தைக் கெடுக்கும் நோய் என்றால் டாக்டர்கள் முதலில் சொல்வது ருமாட்டிக் காய்ச்சலைத்தான். தொண்டைத் தொற்றில் தொடங்கி இதய வால்வைக் கெடுப்பது. அது இன்னும் போகவில்லை, ஏழைக் குடும்பங்களில் இன்னும் பெரிய சுமை. கவாசாகி வந்து அதை இடம்பெயர்த்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. ஆனால் ருமாட்டிக் காய்ச்சலை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாருக்கும் தெரியும், கவாசாகியை நேரில் பார்த்த பொது மருத்துவர்கள் குறைவு.

பணம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு 24 கிராம் இம்யூனோகுளோபுலின் வேண்டும். வெளியே வாங்கினால் பல பத்தாயிரம் ஆகிவிடுகிறது. தங்கை வீட்டுக்காரர் மருந்துக் கடை வாசலில் நின்றபடி யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். இன்னொன்று, இந்த மருந்தைத் தொழிற்சாலையில் ரசாயனத்திலிருந்து செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள். எங்கோ யாரோ கை நீட்டிக் கொடுத்த ரத்தம் அன்றிரவு அவன் உடம்பில் ஏறியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது கவாசாகி நோயின் பெயரைச் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இது இருப்பில் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. குப்பி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் அந்தப் பத்து நாள் கரைந்துகொண்டுதான் இருக்கிறது.

பத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு முதல் தடவை ஏற்றியும் காய்ச்சல் விடாது. அவர்களுக்குத்தான் தமனி வீங்கும் ஆபத்து அதிகம். மறுபடி இம்யூனோகுளோபுலின், ஸ்டீராய்டு, அழற்சியைக் குறைக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து என்று போவார்கள். எங்கள் பையனுக்கு அந்த நிலை வரவில்லை. ஏற்றி முடித்த மறுநாள் காலையில் சூடு விட்டது, அழுகை நின்றது, இட்லி கேட்டான். தமனியில் லேசான விரிவு இருந்தது, சில மாதத்தில் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைகள்தான் எனக்குப் பெரிய கவலை. அவர்களுக்குப் பல நேரம் அடையாளங்கள் முழுதாக வராது. காய்ச்சல் மட்டும் இருக்கும், லேசாகக் கண் சிவக்கும், அவ்வளவுதான். ஆனால் தமனி பாதிப்பு அவர்களுக்குத்தான் அதிகம். ஏழு நாள் காரணம் தெரியாமல் காய்ச்சல் அடிக்கும் கைக்குழந்தைக்கு வேறு அடையாளம் இல்லாவிட்டாலும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் அளவுகளைப் பார்த்து, கூடியிருந்தால் எக்கோ எடுக்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டல். டெங்கு சீசனில் ஒரு விஷயம் உதவும். டெங்குவில் பிளேட்லெட் குறையும். கவாசாகியில் இரண்டாம் வாரத்தில் அது தாறுமாறாக ஏறும். "பிளேட்லெட் நல்லாத்தான் இருக்கு" என்று நிம்மதியாகத் திரும்பி வரும் வீடுகளை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

வேப்பிலை பற்றி அம்மாவிடம் நான் சண்டை போடவில்லை. தலைமாட்டில் வேப்பிலை இருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. அம்மை என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்துவதுதான் ஆபத்து. இப்போது அம்மாவே தெருவில் யார் வீட்டுக் குழந்தைக்குத் தடிப்பென்றாலும், "வேப்பிலையும் வை, டாக்டரையும் பாரு. காய்ச்சல் வந்த நாளைக் காலண்டர்ல குறிச்சியா?" என்று கேட்கிறார். நாள்காட்டித் தாளில் காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சுற்றி ஒரு வட்டம், எந்த நாளில் என்ன தெரிந்தது என்று ஒரு வரி, கண்ணையும் தடிப்பையும் போனில் ஒரு போட்டோ. பழைய சீட்டுகள் எல்லாம் ஒரே கவரில். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கிராமச் செவிலியர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும். தடுப்பூசி அட்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதில் காய்ச்சல் தேதி எழுத ஒரு பக்கம் சேர்க்கலாம்.

தடுப்பூசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைப் பல மாதம் தள்ளிப்போட வேண்டும். பதினொரு மாதம் என்று அமெரிக்க வழிகாட்டல் சொல்கிறது. முன்னால் போட்டால் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் இது எழுதியிருந்தாலும் ஊசி போடும் இடத்தில் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீக்கம் தங்கிவிட்ட குழந்தைகளின் கதை வேறு. தமனியின் விட்டம் இந்த வயதில் 2 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அது 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும் வீக்கம் என்கிறார்கள். அவர்கள் ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் சாப்பிட்டு, மாதாமாதம் ரத்தம் பார்த்து, அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்த்து வளர வேண்டும். சிலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வருகிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில், 40 வயதுக்குட்பட்ட நிலையில் இதயத்துக்கு ரத்தம் போதாமல் இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் ஆஞ்சியோகிராம் எடுத்தவர்களின் படங்களைத் திரும்பப் பார்த்தபோது, இருபதில் ஒருவருக்குக் குழந்தைப் பருவக் கவாசாகியின் தழும்பாக இருக்கக்கூடிய வீக்கங்கள் இருந்தன. அவர்களில் பலர் தங்களுக்கு அப்படி ஒரு நோய் வந்ததையே அறியாதவர்கள். நம் ஊரில் முப்பத்தைந்து வயதில் மாரடைப்பு என்றால் புரோட்டாவையும் சிகரெட்டையும் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். சின்ன வயதில் வாரக்கணக்கில் காய்ச்சல் அடித்து விரல் தோல் உரிந்ததா என்று அவர் அம்மாவிடம் யாராவது கேட்கிறார்களா?

எங்கள் பையனின் எக்கோ ரிப்போர்ட்டுகள் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இருக்கின்றன. தமனி சரியாகிவிட்டது, இனி வேண்டாம் என்று தங்கை வீட்டுக்காரர் பரணில் போடப் பார்த்தார். டாக்டரம்மா விடவில்லை. வீக்கம் இல்லாத குழந்தைக்கும் இந்தத் தாள்களைப் பதினெட்டு வயதில் அவன் கையிலேயே கொடுக்க வேண்டும், நாளைக்கு எந்த இதய டாக்டரிடம் போனாலும் முதல் வரியாக அவன் இதைச் சொல்ல வேண்டும் என்றார். இப்போது அந்தக் கோப்பு அவனுடைய பிறப்புச் சான்றிதழோடும் ஆதார் அட்டையோடும் ஒரே பீரோவில் இருக்கிறது.